பதினெட்டும் எண்பத்தெட்டும்



இவ்வாண்டுச் சங்க மலரில் பிள்ளைகளுக்காக ஒரு சிறு கலைக்களஞ்சியம் சேர்க்கப்படும் என்று முன்னரே அறிவித்திருந்தோம். ஒன்று முதல் நூறு வரை ஒவ்வோர் எண்ணுக்கும் பன்னிரண்டு வரிகள். அந்த எண்ணைப் பற்றிக் கணிதம் கூறுவது, இலக்கியம் கூறுவது, இயற்கை கூறுவது, விளையாட்டு உலகம் கூறுவது ஆகியவற்றைப் பிள்ளைகளே தேடி எழுதி அனுப்ப வேண்டும். தமிழில் எழுதி அனுப்ப வேண்டும். நாகபுரியில் பிறந்து, பள்ளியில் மராத்தியும் இந்தியும் ஆங்கிலமும் பயின்று, வீட்டில் மட்டும் தமிழ் பேசும் பிள்ளைகள் இதன் பொருட்டேனும் தமிழில் பேனாவை ஓட்டுவார்களே என்பது நம் ஆசை.

ஆசை அளவுக்கு மிஞ்சியே நிறைவேறிற்று. கணிதத்துக்கு வந்த தாள்கள் ஒரு கைப்பிடி. இலக்கியத்துக்கு வந்தவை அதனினும் குறைவு. அவற்றிலும் பாட்டனாரின் கையெழுத்தே மிகுதி. விளையாட்டுக்கு வந்தவையோ ஒரு கோணிப்பை நிறைய! ஏழு என்ற எண்ணுக்கு மட்டும் பத்தொன்பது தாள்கள். அவற்றுள் பதினாறு மகேந்திர சிங் தோனியின் சட்டை எண்ணைப் பற்றியவை. ஏழாம் மாதம் ஏழாம் தேதி பிறந்தவர் ஆதலால் ஏழு என்று பலர் எழுதியிருந்தனர். ஒரு பையன் அதோடு நில்லாமல், அவர் பிறந்த 1981ஆம் ஆண்டின் எட்டிலிருந்து ஒன்றைக் கழித்தாலும் ஏழுதான் என்று நிறுவியிருந்தான். கணிதப் பகுதிக்கு ஒரு வரிகூட எழுதாத பையன் அவன்.

பன்னிரண்டு வரிகளில் விளையாட்டுக்கு மூன்று வரி, மிஞ்சினால் நான்கு. எதை வைப்பது, எதைத் தள்ளுவது? இதற்கென நால்வர் அமர்ந்தோம். ஓய்வு பெற்ற கார்டு ஒருவர், பள்ளி ஆசிரியை ஒருவர், வங்கியில் பணிபுரியும் இளைஞர் ஒருவர், நாம். நம் படிப்பு பத்தாம் வகுப்போடு நின்றது. ஆயினும் சரக்கு அலுவலகத்தில் நாள்தோறும் எண்களோடே உறவாடுகிறவர் என்று நம்மையும் சேர்த்துக்கொண்டார்கள்.

முதல் நாள் கூட்டத்தில் நாங்கள் செய்ததை ஒளிக்காமல் கூறிவிடுகிறோம். பிடித்ததை உள்ளே வைத்தோம். பிடிக்காததை வெளியே தள்ளினோம். பதினெட்டாம் எண் வந்தது. 2024ஆம் ஆண்டு டிசம்பர் 12ஆம் நாள் சிங்கப்பூரில், சீன வீரர் டிங் லிரனைப் பதினான்காம் ஆட்டத்தில் வென்று, சென்னையின் குகேஷ் சதுரங்க உலகின் பதினெட்டாவது சாம்பியன் ஆனார். அப்போது அவருக்கு வயது பதினெட்டு. இதை எழுதியிருந்த தாளைக் கார்டு ஐயா உரக்கப் படித்தார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. நால்வரும் கை தட்டினோம். தாள் உள்ளே போயிற்று.

சற்றுப் பொறுத்து எண்பத்தெட்டு வந்தது. எட்டாம் வகுப்பில் படிக்கும் ஒரு சிறுமியின் தாள் அது. எழுத்துகள் மராத்திச் சாயலில் மேற்கோடு தேடித் தொங்குவன போல் இருந்தன. 2025ஆம் ஆண்டு ஜூலை மாதம், ஜார்ஜியா நாட்டின் பதூமி நகரில் நடந்த மகளிர் உலகக் கோப்பையின் இறுதிப் போட்டியில், கொனேரு ஹம்பியை வென்று, இந்தியாவின் எண்பத்தெட்டாவது கிராண்ட்மாஸ்டர் ஆனார் நாகபுரியின் திவ்யா தேஷ்முக் என்று அவள் எழுதியிருந்தாள். “எண்பத்தேழுக்குப் பிறகு எண்பத்தெட்டு வருவது இயற்கைதானே, இதில் என்ன இருக்கிறது?” என்றார் வங்கி நண்பர். நாமும் தலையசைத்துச் சிவப்பு மையால் ஒரு கோடு இழுத்தோம்.

அந்தச் சிறுமியின் தந்தையார் நம்மோடு பணிபுரிபவர். அடுத்த ஞாயிறு தமிழ் வகுப்பு முடிந்ததும் அவள் நேரே நம்மிடம் வந்தாள். அழவில்லை. கோபமும் கொள்ளவில்லை. “மாமா, குகேஷ் நம்ம ஊர், அதனால் வெச்சீங்க. திவ்யா தீதி நம்ம ஊர் இல்லையா?” என்றாள்.

நமக்கு விடை கிடைக்கவில்லை. அவள் பிறந்தது இவ்வூரின் மருத்துவமனையில். படிப்பது இவ்வூர்ப் பள்ளியில். சென்னையை அவள் கண்டது விடுமுறைகளில் மட்டும். ‘நம்ம ஊர்’ என்ற சொல்லை நாம் ஒரு திசையில் சுட்டுகிறோம்; அவள் தான் நின்ற தரையைச் சுட்டினாள். அன்று இரவு அந்த இரண்டு தாள்களையும் அருகருகே வைத்துப் பார்த்தோம். ஒரு வேற்றுமையும் தெரியவில்லை. இரண்டிலும் ஒரு சதுரங்க வீரர். இரண்டிலும் ஒரு வரிசை எண். ஒன்றில் வயதும் வரிசையும் ஒத்திருந்தன, அவ்வளவே.

ஆகவே மறு கூட்டத்தில் ஓர் அளவுகோல் வேண்டும் என்று நாம் வற்புறுத்தினோம்.

எண்ணால் பொருளைத் தொகுத்துச் சொல்வது தமிழர்க்குப் புதியதன்று. மண்டல புருடர் இயற்றிய சூடாமணி நிகண்டின் பன்னிரண்டாம் தொகுதி இதற்கென்றே அமைந்தது. பல பொருள்களின் கூட்டத்துக்கு வழங்கும் ஒரு பெயரைக் கூறுவது அது. அறுசுவை என்று நாம் சொல்லும்போது ஆறு என்பது சுவையின் மேல் ஒட்டிய சீட்டு அன்று. அதை உரித்து எடுக்க முடியாது. நாற்படை, ஐம்பொறி எல்லாம் அத்தகையவையே. பழம் புலவர்களுக்கு இந்தத் தெளிவு இருந்தது. படை நான்கு என்றார்களே அன்றி, நான்காம் படையில் இன்னார் இருந்தார் ஆதலால் நான்கு சிறந்தது என்றார்கள் இல்லை.

நம் தொழிலிலிருந்தும் ஒன்று சொன்னோம். சரக்கு வேகனின் பக்கத்தில் பதினொரு இலக்கங்கள் எழுதியிருப்பதை அன்பர்கள் கண்டிருப்பீர்கள். முதல் இரண்டு வேகனின் வகை. அடுத்த இரண்டு உரிய ரயில்வே. அடுத்த இரண்டு செய்த ஆண்டு. பின் நான்கு வரிசை எண். கடைசி இலக்கம் மற்றப் பத்தும் சரியாக எழுதப்பட்டனவா என்று காட்டிக் கொடுக்கும் காவலாள். ஒன்றைத் தவறாக எழுதினால் கணக்கு இடிக்கும். அதே வேகனின் மேல் யார்டில் உள்ளவர்கள் சுண்ணக்கட்டியாலும் ஏதேனும் எண் எழுதுவார்கள். அதுவும் எண்தான், அன்றைக்குப் பயன்படுவதுதான், மழை பெய்தால் போய்விடும். பெயிண்டால் எழுதியதா, சுண்ணக்கட்டியால் எழுதியதா என்று பார்த்தால் போதும் என்றோம்.

ஆசிரியை அம்மையார் அதைப் பிள்ளைகளுக்குப் புரியும்படி திருத்தினார். எண்ணை ஒன்று கூட்டியோ குறைத்தோ பார்க்க வேண்டும். செய்தி அப்படியே நின்றால் அது அந்த எண்ணுக்கு உரியதன்று. செய்தி குலைந்தால் உரியது.

இந்த அளவுகோலோடு கோணிப்பையைத் திரும்பவும் அவிழ்த்தோம். கபடியில் பக்கத்துக்கு எழுவர். எண்மர் ஆடினால் தடுப்பவர் சங்கிலியே மாறும். ஆகவே ஏழில் கபடிக்கு முதல் வரி. கோகோவில் எண்மர் எதிரெதிர்த் திசை நோக்கிக் குந்த, ஒன்பதாமவர் துரத்துவார். இம்மாநிலத்துப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒன்பதுக்கு அது. (2025 ஜனவரியில் டில்லியில் நடந்த முதல் கோகோ உலகக் கோப்பையில் எழுவர் கொண்ட விரைவு முறையே ஆடப்பட்டது என்று ஒரு மாணவன் குறித்திருந்தான். அடிக்குறிப்பாக அதையும் சேர்த்தோம்.) பதினெட்டுக்குக் கோல்ஃப் ஆட்டத்தின் குழிகள் வந்தன. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் திடலில் இருபத்திரண்டாக இருந்ததை 1764இல் பதினெட்டாகக் குறைத்தார்கள். பின்னர் உலகமே அதைப் பின்பற்றியது.

நான்கைப் பற்றி ஒரு தாள் வந்திருந்தது. அதைக் கண்டு கூட்டம் சிறிது நேரம் பேசாமல் இருந்தது. 1960 ரோம் ஒலிம்பிக்கில் மில்கா சிங் 400 மீட்டர் ஓட்டத்தில் நான்காமவர். 1984 லாஸ் ஏஞ்சலஸில் பி. டி. உஷா 400 மீட்டர் தடை ஓட்டத்தில் நான்காமவர். வெண்கலத்துக்கும் அவருக்கும் இடையே ஒரு விநாடியின் நூறில் ஒரு பங்கு. 2016 ரியோவில் ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை தீபா கர்மாகர் நான்காமவர். 2024 பாரிஸில் இரண்டு வெண்கலம் வென்ற மனு பாக்கரும் மூன்றாம் பதக்கத்தைத் தேடிச் சென்றபோது நான்காமவர். பதக்கங்கள் மூன்று, ஆகவே நான்கு என்பது வெறும் வரிசை அன்று, வாசற்படி. ஐந்தாமவரை யாரும் நினைவில் வைப்பதில்லை. நம் நாட்டு விளையாட்டில் நான்குக்கு இருக்கும் கனம் வேறெங்கும் இராது என்று எண்ணுகிறோம். மூன்று வரி போதாது என்று ஐந்து வரி கொடுத்தோம்.

பத்துக்கு நெருக்கடி மிகுதி. 1976 ஜூலை 18ஆம் நாள் மான்ட்ரியலில் பதினான்கு வயது நாடியா கொமனெச்சி முழு மதிப்பெண் பத்து பெற்றபோது, பத்தைக் காட்ட இடம் இல்லாத பலகை ‘1.00’ என்று காட்டிற்று. பத்து என்பதே அச்செய்தியின் உயிர், உள்ளே வைத்தோம். 1999 பிப்ரவரியில் டில்லியில் பாகிஸ்தானுக்கு எதிராக அனில் கும்ப்ளே ஓர் இன்னிங்ஸின் பத்து விக்கெட்டுகளையும் வீழ்த்தினார். ஒன்பதானால் சிறந்த பந்துவீச்சு; பத்தானால் பிறருக்கு மிச்சம் வைக்காத பந்துவீச்சு. அவருக்கு முன் 1956இல் ஜிம் லேக்கர். பின் 2021இல் மும்பையில், தாம் பிறந்த நகரிலேயே, நியூசிலாந்தின் அஜாஸ் படேல். இவையும் உள்ளே வந்தன.

நாற்பத்திரண்டில்தான் அளவுகோல் நன்கு வேலை செய்தது. மூன்று தாள்கள் வந்திருந்தன. 1974இல் லார்ட்ஸ் திடலில் இந்திய அணி 42 ஓட்டங்களுக்குள் சுருண்டது என்பது ஒன்று. நெடுங்காலம் அதுவே நம் மிகக் குறைந்த எண்ணிக்கையாக இருந்தது. 2020 டிசம்பரில் அடிலெய்டில் 36 ஆகியது. பழைய களஞ்சியம் ஏதேனும் இதைப் பெரிதாகப் பதித்திருந்தால் அன்றைக்கே பொய்த்திருக்கும். சுண்ணக்கட்டி! தள்ளினோம். மாரத்தான் ஓட்டத்தின் தொலைவு 42.195 கிலோமீட்டர். 1908 லண்டன் ஒலிம்பிக்கில் ஓடிய தூரம் அது, 1921இல் நிலைபெற்றது. வைத்தோம். மூன்றாவது, அமெரிக்காவின் பேஸ்பால் வீரர் ஜாக்கி ராபின்சனைப் பற்றியது. கறுப்பின மக்களைப் பெரிய அணிகள் சேர்க்காத நாளில், 1947 ஏப்ரல் 15 அன்று, புரூக்ளின் அணிக்காக 42ஆம் எண் சட்டையோடு களம் இறங்கியவர் அவர். ஐம்பது ஆண்டு கழித்து, 1997இல், அந்த எண்ணை எந்த அணியும் இனி எவருக்கும் புதிதாகக் கொடுப்பதில்லை என்று முடிவு செய்தார்கள். ஆண்டுக்கு ஒரு நாள், ஏப்ரல் 15 அன்று மட்டும், எல்லா வீரர்களும் அதே எண்ணை அணிகிறார்கள். நம் பிள்ளைகளில் ஒருவரும் பேஸ்பால் ஆடியதில்லை, ஆடப்போவதும் இல்லை. ஆயினும் ஒரு மனிதரால் ஓர் எண்ணின் நிலையே மாறியதென்றால் அதைக் களஞ்சியம் கூறாமல் வேறு எது கூறும்? தாளை எழுதியவன், சட்டை எண்ணை நீக்கும் வழக்கம் தோனிக்கு முன்பே உண்டு என்று காட்ட எழுதினானாம். நோக்கம் எதுவாயினும் நமக்குப் பயன் கிடைத்தது.

எண்பத்தேழைப் பற்றிச் சிறு பூசல். ஆஸ்திரேலியர் அதை ஆகாத எண் என்பர். நூறுக்குப் பதின்மூன்று குறைவாம். இங்கிலாந்தில் 111க்கு அதே அச்சம். நடுவர் டேவிட் ஷெப்பர்ட் எண்ணிக்கை 111இல் நிற்கும்போது ஒரு காலைத் தூக்கிக்கொள்வார். 2011ஆம் ஆண்டு பதினொன்றாம் மாதம் பதினொன்றாம் நாள் கேப்டவுனில், மணி 11.11 ஆனபோது, தென்னாப்பிரிக்காவுக்கு வெற்றிக்கு வேண்டியது 111 ஓட்டங்கள்! பார்வையாளர் எழுந்து ஒற்றைக் காலில் நின்றார்கள். நடுவர் இயன் கூல்டும் நின்றார். மூடநம்பிக்கையைப் பிள்ளைகளுக்கு ஊட்டுவதா என்று வங்கி நண்பர் கேட்டார். நம்புவது வேறு, இப்படி நம்பினார்கள் என்று அறிவது வேறு என்று கூறி வைத்துக்கொண்டோம். இங்கே எண்ணே அல்லவா மனிதரை ஆட்டி வைக்கிறது.

அளவுகோலுக்கு அடங்காத ஒன்றும் உண்டு. டொனால்ட் பிராட்மனின் டெஸ்ட் சராசரி 99.94. 98 ஆக இருந்தாலும் அவர் பெருமை குறையாது. அப்படியானால் அளவுகோலின்படி தள்ள வேண்டும். ஆனால் 6996 ஓட்டங்களை, ஆட்டமிழந்த எழுபது முறைக்கு வகுத்து அந்தத் தாளின் ஓரத்தில் நாமே கணக்கிட்டுப் பார்த்தோம். இன்னும் நான்கு ஓட்டம் இருந்தால் ஏழாயிரம், சரியாக நூறு. 1948இல் ஓவல் திடலில் தம் கடைசி இன்னிங்ஸில் இரண்டாவது பந்தில் பூஜ்யத்துக்கு ஆட்டமிழந்தார். அந்த நான்கு ஓட்டம் வராமல் போனதால்தான் எண் பெயர் பெற்றது. ஆகவே எண்ணை மட்டும் சொன்னால் ஆள் நினைவுக்கு வருமாயின் அதையும் சேர்க்கலாம் என்று ஒரு கிளை விதி வகுத்தோம். அது தொண்ணூற்றொன்பதில் வருவதா, நூறில் வருவதா என்று அரை மணி நேரம் வாதிட்டோம். நூறைத் தவறவிட்ட கதை ஆதலால் நூறில் வைத்தோம்.

கிளை விதியால் தோனியும் பிழைத்தார். மேடையில் நிற்கும் எவரிடமும் ஏழு என்று சொன்னால் என்ன விடை வரும் என்பது அன்பர்கள் அறிந்ததே. மேலும் சச்சின் டெண்டுல்கரின் பத்தாம் எண்ணை 2017இல் ஷர்துல் தாக்கூர் அணிந்தபோது எழுந்த எதிர்ப்பையும், அவர் வேறு எண்ணுக்கு மாறியதையும் கண்டோம். 2023இல் ஏழாம் எண்ணையும் பிறருக்குக் கொடுப்பதில்லை என்று செய்தி வந்தது. பதினாறு தாள்களுக்கும் சேர்த்து ஒரு வரி. பிறந்த ஆண்டின் கழித்தல் கணக்கு மட்டும் வெளியே போயிற்று.

இனிப் பதினெட்டும் எண்பத்தெட்டும். குகேஷ் பதினேழாவது சாம்பியனாக இருந்திருந்தால் வெற்றி சிறுத்துவிடுமா? சிறுக்காது. வயது பதினெட்டு என்பது பெரிதுதான்; 1985இல் காஸ்பரோவ் இருபத்திரண்டு வயதில் பெற்ற பட்டத்தின் சாதனையை அது முறியடித்தது. ஆனால் இருபத்திரண்டு முறிந்தது போலப் பதினெட்டும் ஒரு நாள் முறியக்கூடும். வரிசையும் வயதும் ஒத்தது கண்ணுக்கு இனிய தற்செயல்; வேறொன்றுமில்லை. திவ்யாவுக்கு எண்பத்தெட்டும் அப்படியே. அதை வைத்தால், சென்னையின் வைஷாலி எண்பத்து நான்காவது கிராண்ட்மாஸ்டர் என்பதையும் வைக்க வேண்டும். இப்படி நூறு வரை ஒவ்வோர் எண்ணுக்கும் ஒருவர் வரிசையில் நிற்பார். இதற்கிடையே வங்கி நண்பர், ஆனந்த் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனது 1988இல், அதன் ஈற்றிலும் எண்பத்தெட்டு இருக்கிறதே என்று கண்டுபிடித்தார்! முன்பு கோடு இழுக்கச் சொன்னவரே அவர்.

இரண்டு தாள்களையும் எண் பக்கங்களிலிருந்து எடுத்து, மலரின் இறுதியில் வீரர் பெயர்களின் கீழ் வைப்பது என்று நாம் முன்மொழிந்தோம். கார்டு ஐயா எழுந்துவிட்டார். “தம்பி, ஊரை விட்டு வந்து முப்பது வருஷம் ஆச்சு. நம்ம பிள்ளை ஒருத்தன் உலகத்தை ஜெயிச்சதை நம்ம மலரிலேயே ஒளிச்சு வைக்கணுமா?” என்றார். அவர் குரல் தழுதழுத்தது. அவரை நாம் வெல்ல விரும்பவில்லை. “ஒளிக்கவில்லை ஐயா, அவர் பெயரின் கீழேயே இருக்கிறார். இங்கே வைத்தால் அந்தப் பெண்ணின் தாளையும் வைக்க வேண்டும். அதை மட்டும் எடுத்தால் அவளுக்கு நாம் என்ன சொல்வது?” என்றோம். நெடுநேரம் கழித்து, “இரண்டையும் எடு” என்று சொல்லிவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விட்டார்.

சிறுமியிடம் முடிவைச் சொன்னோம். அவள் முகம் மலர்ந்தது என்று எழுத ஆசைதான், மலரவில்லை. எண்பத்தெட்டின் விளையாட்டு வரிகள் காலியாகவா இருக்கும் என்று கேட்டாள். ஆம், அங்கே பியானோவின் கட்டைகளும் வானத்து விண்மீன் கூட்டங்களும் இருக்கின்றன. விளையாட்டுக்கு இப்போது ஒன்றும் இல்லை என்றோம். சிறிது யோசித்து, “அப்போ அறுபத்துநாலை நான் எழுதலாமா? கட்டம் அறுபத்துமூணா இருந்தா ஆடவே முடியாதே” என்றாள். அளவுகோலை நாம் அவளுக்கு விளக்கியிருக்கவில்லை. தந்தையார் வீட்டில் சொல்லியிருப்பார் போலும்.

அறுபத்து நான்கின் தாள் நேற்று வந்தது. குதிரை ஒரு கட்டத்தையும் விடாமல், ஒன்றை இருமுறை மிதியாமல், அறுபத்து நான்கையும் சுற்றி வரும் வழியைப் படமாகவே வரைந்திருக்கிறாள். ‘கட்டம்’ என்ற சொல்லில் ஒரு புள்ளி குறைகிறது. அதை மட்டும் திருத்தினோம்.

51 முதல் 60 வரை உள்ள எண்களுக்கு இன்னும் தாள்கள் வந்தபாடில்லை. பெற்றோர் இம்மாத இறுதிக்குள் அனுப்புமாறு வேண்டுகிறோம். ஏழுக்கு இனி எதுவும் அனுப்ப வேண்டாம்.